கம்பியில் இறங்கிய கொழுந்து

கேகாலையிலிருந்து கரவனெல்லைக்குச் செல்லும் பெருந்தெரு, வயல்களையும் தென்னந்தோப்புகளையும் பின்னே விட்டு மலைகளுக்குள் நுழைந்து, வளைந்து வளைந்து செல்லும் வழியில் அமைந்திருக்கிறது புளத்கொகுபிட்டிய. 'புளத்' என்பது சிங்களத்தில் வெற்றிலையைக் குறிக்கும். 'பிட்டிய' என்றால் வெளி. பெயரில் வெற்றிலை இருப்பினும், வருவோர் கண்ணில் முதலிற் படுவன இறப்பர் மரங்களே. அவற்றுக்கு மேலே, பனிப்படலம் கலைந்த பிறகு, தேயிலைச் சரிவுகள் தோன்றுகின்றன. களனி கங்கைக்கு நீர் கொண்டு சேர்க்கும் ஓடைகள் இம்மலைகளின் இடுக்குகளிற் பிறந்து, கற்களில் மோதி இரைந்துகொண்டு ஓடுகின்றன. கடைத்தெரு சிறியது. ஆயினும், பஸ் நிறுத்தத்தில் நிற்கும் ஐந்து நிமிடத்திற்குள் சிங்களமும் தமிழும் ஒரே பேச்சிற் கலந்து வருவதைக் கேட்கலாம். அதைக் கேட்பதற்காகவே ஒரு பஸ்ஸைத் தவறவிடலாம் என்று எமக்குத் தோன்றிற்று.

இப்பகுதிக்கு வருபவர்கள் அருவிகளையும் மலைமுகடுகளையும் கண்டு திரும்புவது வழக்கம். நாம் தேடிச் சென்றதோ வேறொன்று. பழைய காலத்தில் மலைநாட்டுத் தோட்டங்கள் பலவற்றில், உயரத்திற் பறித்த கொழுந்தைப் பள்ளத்திலுள்ள ஸ்டோருக்கு இறக்குவதற்கு ஆகாயத்தில் இரும்புக் கம்பி கட்டியிருந்தார்கள். ஸ்டோர் என்பது தோட்டத்து மக்கள் தேயிலைத் தொழிற்சாலைக்கு வைத்த பெயர். இந்தக் கம்பியிலே சாக்கு மூட்டைகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பறவைபோல் இறங்கி வரும் காட்சியை, மலைநாட்டிற் பிறந்த பெரியவர்கள் இன்னும் மறக்கவில்லை. இன்று பெரும்பாலும் கம்பியில்லை. சில இடங்களில் துருவேறிய இரும்புக்கால் ஒன்று, கொடி படர்ந்து, எதற்காக நிற்கிறோம் என்றறியாதது போல் நிற்கிறது. புளத்கொகுபிட்டியவுக்கு மேலேயுள்ள தோட்டமொன்றில் அத்தகைய காலொன்றின் அடியிலேதான், கம்பியில் வேலை செய்து ஓய்ந்த பெரியவர் ஒருவரைச் சந்தித்தோம்.

கம்பி இருவகைப்படும். எளிய வகையில், மலையுச்சியிலிருந்து ஸ்டோர் வரைக்கும் பெருவிரற் பருமனுள்ள கம்பியொன்றை இழுத்துக் கட்டிவிடுவார்கள். சிறு உருளை பொருத்திய கொக்கியில் மூட்டையை மாட்டித் தள்ளிவிட்டால், அது தன் பாரத்தாலேயே ஓடி இறங்கும். கம்பி நடுவிலே சற்றுத் தொய்ந்து, முடிவிலே மட்டமாகும்படி கட்டியிருப்பதால் வேகம் தானே தணியும். தணியாமல் வரும் மூட்டைக்காகக் கீழே பழைய சாக்குகளையும் டயர்களையும் குவித்து வைப்பார்கள். மற்ற வகையில் கம்பி வளையமாகச் சுற்றும். இறங்கும் பாரம் மறுபக்கத்தில் வெறுங்கொக்கிகளை மேலே ஏற்றிவிடும். இதற்கு எண்ணெயும் வேண்டாம், மின்சாரமும் வேண்டாம். தடைக்கட்டையைப் பிடித்து நிற்க நிதானமுள்ள ஓர் ஆள் மட்டும் போதும்.

இவ்வளவு எளிய சாதனம் ஏன் தொல்லை கொடுத்தது? அதிலும், வேலை மிகுந்த பருவம் தொடங்கும் வேளையிலேயே ஏன் கொடுத்தது? பெரியவரிடம் இதைக் கேட்டபோது அவர் சிரித்துவிட்டார்.

"மழைக்கு முந்தித்தானுங்க ஐயா கம்பி ஏமாத்தும். சும்மா கிடந்த மாட்டை ஏர்ல பூட்டினா எப்படி? அதே கதைதான்."

மழை குறைந்த மாதங்களிற் கொழுந்து குறைந்துவிடும். பத்துக் கூடை வந்த இடத்தில் மூன்று கூடை வரும். கம்பிக்கும் ஓய்வு கிடைக்கும். அந்த ஓய்விலேதான் கேடு தொடங்குகிறது. கம்பிக்குப் பூசிய கிரீஸ் வெயிலில் உலர்ந்து, அதன்மேற் தூசி படிந்து பிசினாகிவிடும். உருளைகள் அச்சிலே இறுகிக்கொள்ளும். கொடிகள் கால்களைச் சுற்றி ஏறும். பக்கத்து நிழல்மரம் ஒரு கிளையை நீட்டிக் கம்பியின் வழியை மறிக்கும். பெரிய உருளைக்கு அடியிற் குளவி கூடு கட்டியிருப்பதும் உண்டு. தேயிலைத் தோட்டத்திற் குளவி விளையாட்டுப் பொருளன்று, அது ஆளையே கொல்லவல்லது. இவையெல்லாம் கண்ணுக்குத் தெரிவன. கண்ணுக்குத் தெரியாதது ஒன்றுண்டு. இரும்புக் கம்பி என்று நாம் ஒருமையிற் சொன்னாலும், அது பல மெல்லிய இழைகளைப் புரிகளாக முறுக்கிச் செய்த வடம். நடுவிலே எண்ணெயில் ஊறிய சணல் இருக்கும். அந்தச் சணல் உலர்ந்துபோனால், மழைநீர் உள்ளே இறங்கி, வெளியே பளபளப்பாக இருக்கும் வடத்தை உள்ளிருந்தே துரு தின்னும்.

அதைக் கண்டுபிடிக்கப் பெரியவரிடம் இருந்த கருவி ஒரு பழந்துணி. துணியை வடத்தைச் சுற்றி இலேசாகப் பற்றிக்கொண்டு நெடுகிலும் இழுத்துச் செல்வார். எங்கே நூல் மாட்டுகிறதோ, அங்கே ஓர் இழை அறுந்து நீட்டிக்கொண்டிருக்கிறது என்று பொருள். ஒரு சாண் நீளத்தில் எத்தனை இடத்தில் மாட்டிற்று என்று எண்ணிக்கொள்வார். எண்ணிக்கை மிகுந்தால் மேலே சொல்வார். "சொல்றது நம்ம வேலைங்க. கேக்கிறது அவங்க வேலை" என்றார், எமது முகத்தைப் பாராமல். பிறகு, கொழுந்தை ஏற்றுமுன், மண் நிரப்பிய மூட்டையொன்றை வெள்ளோட்டமாக இறக்கிப் பார்ப்பார்கள். அது பத்திரமாகக் கீழே சேர்ந்த பிறகே கொழுந்துக்கு முறை வரும்.

சித்திரையில் முதல் மழை விழுந்து இரண்டு வாரத்தில் மலை முழுவதும் பச்சைத் துளிர் பொங்கி வரும். அன்றைக்குக் கம்பி நின்றுவிட்டால் நேரும் சங்கடத்தைத் தேநீர் அருந்தும் நாம் எளிதில் அறியமாட்டோம். பறித்த கொழுந்து உயிருள்ள பொருள். சாக்கில் அமுக்கி வைத்தால் மூச்சுவிட்டுச் சூடேறும். சூடேறிச் சிவந்துவிட்டால் நல்ல தேயிலைக்கு உதவாது. ஏறக்குறைய நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து ஒரு கிலோ தேயிலையாகின்றது. ஆகவே ஸ்டோருக்குப் போகவேண்டிய பாரம் தேயிலையின் பாரத்தைப்போல் நாலரை மடங்கு. கம்பி சுமந்த அந்தப் பாரத்தை, கம்பி நின்ற நாளில் யார் சுமப்பது?

லயத்து வாசலில் அமர்ந்திருந்த மூதாட்டி ஒருவர் அதற்கு விடை கூறினார்: "கம்பி நின்னா எங்க கழுத்துதான் கம்பி." காலை முதற் பறித்து ஓய்ந்த பெண்கள், ஈர மூட்டையைத் தலையிலேற்றிக்கொண்டு, அட்டை கடிக்கும் ஒற்றையடிப் பாதையில் ஸ்டோர் வரை இறங்கி, மீண்டும் ஏறி வரவேண்டும். அந்த நடைக்குத் தனிக் கூலி கிடைத்ததாக அவருக்கு நினைவில்லை. தாமதத்தாற் சிவந்த கொழுந்துக்காக நிறுவையிற் கழித்தது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது. ஒரு துளி கிரீஸ் பூசாமல் விட்டதன் விலை, எங்கோ ஒரு கணக்குப் புத்தகத்தில் மிச்சம் என்று பதிந்து, இங்கே ஒரு கழுத்தில் வலியாக இறங்கியிருக்கிறது.

இரும்பு வடத்தின் கதை தோட்டத்திலே தொடங்கியதன்று. 1834இல் ஜெர்மனியின் ஹார்ட்ஸ் மலைச் சுரங்கங்களுக்காக வில்ஹெல்ம் ஆல்பர்ட் என்பவர் முதன்முதலில் அதனை முறுக்கிச் செய்தார். சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தால் எல்லாம் போயிற்று; வடத்தில் ஓரிழை அறுந்தால் மற்றவை தாங்கி நின்று எச்சரிக்கும். அதுவே அதன் சிறப்பு. பிறகு அது உலகெங்கும் மலையேறிற்று. தமிழகத்தின் போடிநாயக்கனூருக்கு மேலே, மூணாற்றுத் தேயிலையை 'டாப் ஸ்டேஷன்' என்னும் முகட்டிலிருந்து கொட்டகுடிக்கு இறக்கியதும் ஆகாயக் கம்பியே. முகடுவரை தேயிலையைக் கொணர்ந்த சிறு இரயில்பாதையை 1924ஆம் ஆண்டுப் பெருவெள்ளம் அடித்துச் சென்றுவிட்டது.

பனி படர்ந்த நாடுகளில் இதே கம்பி மனிதரைச் சுமக்கலாயிற்று. பனியிற் சறுக்கி விளையாடுவோரை மேலே இழுத்துச் செல்லும் ஏற்பாட்டை, 1908இல் ஜெர்மனியின் கருங்காட்டில் ரொபர்ட் விண்டர்ஹால்டர் என்பவர் தம் ஆலைச் சக்கரத்தின் நீர்விசையைக் கொண்டு அமைத்தார். நாற்காலிகள் தொங்கும் முதல் கம்பிவழி 1936இல் அமெரிக்காவின் சன் வலியில் ஓடிற்று. அதை வரைந்த ஜிம் கரன் என்னும் பொறியியலாளர், அதற்குமுன் வெப்பநாட்டிலே வாழைக்குலைகளைக் கப்பலில் ஏற்றும் கொக்கி வரிசையை அமைத்தவர். குலை தொங்கிய இடத்தில் நாற்காலியைத் தொங்கவிட்டார், அவ்வளவுதான்! பனிமலைச் சீமான்களின் ஆசனத்துக்கு வாழைத் தோட்டத்துக் கொக்கி மூதாதை என்பதைப் பெரியவரிடம் சொன்னோம். அவர் சிறிதும் வியக்கவில்லை. "கம்பிக்கு என்னங்க தெரியும், வாழைக்காயா மனுசனான்னு?" என்றார்.

அந்தப் பனிமலைகளிலும் பருவத் தொடக்கமே சோதனைக் காலம். மாதக்கணக்காக வெயிலிலும் மழையிலும் ஓய்ந்து நின்ற உருளைகளைச் சுழற்றி, வடத்தை மின்காந்தக் கருவியால் ஆராய்ந்து, தடையை இழுத்துப் பார்த்து, வெறும் ஆசனங்களையும் பாரம் ஏற்றிய ஆசனங்களையும் ஓடவிட்டுப் பார்த்த பிறகே ஆளை ஏற்றுவார்கள். முதற்பனி விழுந்ததும் கூட்டம் திரண்டு நிற்கும். அன்றைக்கென்று ஓர் உருளை இறுகிக்கொள்ளும். இயந்திரம் மட்டுமே பகையன்று. காஷ்மீரத்துக் குல்மார்க்கில், 1998 முதல் ஓடிய கம்பிவழியில், 2017ஆம் ஆண்டு ஜூன் மாதம் பெருங்காற்றில் மரமொன்று சாய்ந்து ஏழு பேர் மாண்டனர். இமயத்து ஜோஷிமட்டிலிருந்து ஔலிப் பனிச்சரிவுக்குச் சென்ற கம்பிவழி, நிலமே பிளவுண்டு தாழ்ந்தமையால் 2023 ஜனவரியில் நிறுத்தப்பட்டது. எமது நாட்டிலும் 2025 செப்ரெம்பரில், மெல்சிரிபுரத்து நா உயன ஆரணியத்தில் வடத்தால் இழுக்கப்பட்ட வண்டியின் வடம் அறுந்து பிக்குகள் பலர் உயிரிழந்த செய்தியை வாசகர் மறந்திரார்.

பழநிக்குச் சென்றவர்கள் இன்னொன்றைக் கண்டிருப்பர். 1966 முதல் இழுவை வண்டியும், 2004 முதல் கம்பிவழி ஊர்தியும் அங்கே பக்தர்களை மலைக்கு ஏற்றுகின்றன. 2007இல் அங்கும் விபத்து நேர்ந்து உயிர்கள் போயின. கம்பி ஊர்தியை மாதத்தில் ஒரு நாளும், ஆண்டில் ஒரு முறை ஒரு மாதமோ அதற்கு மேலோ நிறுத்திப் பழுது பார்ப்பார்கள். அறிவிப்புப் பலகையைக் கண்டு முணுமுணுக்கும் பக்தர்களை நாமும் பார்த்திருக்கிறோம். அந்த ஒரு மாதம் வீணான மாதமென்று எமக்குத் தோன்றவில்லை.

தோட்டத்துக் கம்பிகள் ஏன் மறைந்தன? மோட்டார்ப் பாதைகள் மலைமேல் ஏறின. லொறியும் டிரக்டரும் கொழுந்து மடுவத்துக்கே வந்தன. 1975இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் நிருவாகம் மீண்டும் கம்பனிகளிடம் சென்றது. இதற்கிடையே 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி பல குடும்பங்கள் தமிழகத்துக்குக் கப்பலேறின. நீலகிரியில் அவர்களுக்காகவே அரசாங்கம் தேயிலைத் தோட்டங்களை உண்டாக்கிற்று. கம்பி அறிந்த கைகளிற் சில அங்கே போயின. இங்கே எஞ்சியவர்கள் முதுமையடைந்தார்கள். பழைய வடம் துண்டு துண்டாகி, சில இடத்தில் வேலியாகவும், சில இடத்தில் ஓடைப் பாலத்தின் கைபிடியாகவும், லயத்திலே துணி காயும் கொடியாகவும் இன்றும் உழைக்கிறது.

பாதை வந்தது நன்மையே. நோயாளியைக் கம்பியில் இறக்க முடியாது, லொறியில் இறக்கலாம். ஆனால், பாதைக்கும் பருவத் தொடக்கம் உண்டு. அதன் கிரீஸ் வடிகான். அதன் உருளை மதகு. மழைக்குமுன் அவற்றைத் துப்புரவு செய்யாவிட்டால் நீர் தன் வழியைத் தானே வெட்டிக்கொள்ளும். 2016ஆம் ஆண்டு மே மாதத்துப் பெருமழையில், இதே புளத்கொகுபிட்டியப் பகுதியிலுள்ள களுபஹனத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடிற்று. தொழிலாளர் குடும்பங்கள் மண்ணிற் புதையுண்டன. அத்தனை பெரிய மழைக்கு வடிகான் மட்டும் விடையாகாது என்பதை நாம் அறிவோம். செங்குத்துச் சரிவின் அடியில் லயத்தை அமைத்து, தலைமுறை தலைமுறையாக மக்களை அங்கேயே விட்டு வைத்ததையும் சேர்த்துக் கணக்கிடவேண்டும்.

நாம் சென்ற தோட்டத்தில் மழை இன்னும் வலுக்கவில்லை. மேல்மலையிலிருந்து வரும் பாதையில் மதகொன்று இலைச்சருகாலும் மண்ணாலும் அடைபட்டு, நீர் குறுக்கே பாய்ந்து, டிரக்டரின் சக்கரம் புதையும் அளவுக்குப் பள்ளம் விழுந்திருந்தது. ஒரு வாரமாக இப்படித்தான் என்றார்கள். மாலை நிறுவை முடிந்ததும், பெண்கள் அறுவர் மூட்டைகளைத் தலையிலேற்றிக்கொண்டு, டிரக்டர் நிற்கும் வளைவுவரை இறங்கத் தொடங்கினர். பெரியவர் தம் கைத்தடியால் மதகின் வாயைக் குத்திப் பார்த்தார். ஒரு பிடி சருகு வெளியே வந்தது. "ரெண்டு ஆளு, அரை நாள் வேலைங்க" என்று சொல்லிவிட்டு, மறுபடியும் குனிந்து குத்தலானார்.