கப்பலில் மணி என்ன?

பதினெட்டு வருடங்களாக நான் கல்லூரியிலே பூமிசாத்திரம் படிப்பித்து வருகிறேன். ஒரு பாகை நெடுங்கோட்டுக்கு 4 நிமிடம். 15 பாகைக்கு ஒரு மணித்தியாலம். கிழக்கே போனாற் கூட்டு, மேற்கே போனாற் கழி என்று பத்தாந் தரப் பிள்ளைகளுக்கு வருடந்தோறும் ஒப்புவித்து, அதிலே பிழைவிட்டவர்களை எழுந்து நிற்கவும் வைத்திருக்கிறேன். அப்படிப்பட்ட நானே ஒரு மணித்தியாலக் கணக்கிலே ஏமாந்து, அந்நிய தேசத்துக் கடற்கரையொன்றிலே கடவுச்சீட்டும் இல்லாமல் நிற்கவேண்டிய நிலைக்கு மயிரிழையிலே தப்பிவந்தேன். இதைப் படித்தால் என்னுடைய மாணவர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

சிங்கப்பூரிலே குடியிருக்கும் என் தங்கைக்கு, அம்மாவை ஒருமுறை அங்கே அழைத்து வைத்திருக்கவேண்டுமென்பது நெடுநாளைய ஆசை. போகும்போது விமானத்திலே போனோம். திரும்பும்போது கப்பலிலே போகவேண்டுமென்று அம்மா பிடிவாதமாகச் சொல்லிவிட்டார். அவருக்கு இப்பொழுது எழுபத்தாறு வயது. மலாயாவிலே பிறந்து, ஆறு வயதிலே பினாங்கிலே கப்பலேறி ஊருக்கு வந்தவர். அந்தக் கடலை இன்னொருமுறை பார்க்கவேண்டுமாம். தங்கையும் தேடிப்பார்த்து, பினாங்கு, புக்கெற் ஆகிய இடங்களைத் தொட்டுக்கொண்டு கொழும்புக்கு வரும் உல்லாசக் கப்பலொன்றிலே எங்களுக்கு இடம் பிடித்துத் தந்தாள். அம்மா, மனைவி, பதினாலு வயது மகன், நான் என நால்வர் பிரயாணமானோம்.

கப்பலின் ஆடம்பரங்களைப் பற்றி எழுதினால் இந்தப் பக்கம் போதாது. எழுதுவதற்கு எனக்கு ஆசையுமில்லை. என் கவனத்தைக் கவர்ந்தது வேறொன்று. நிலத்திலே இருப்பவனுக்கு நேரம் என்பது காற்றைப்போலச் சும்மா கிடைப்பது. கப்பலிலோ அது கப்டன் இடுகின்ற கட்டளை. இன்றிரவு மணிக்கூட்டைப் பின்னுக்குத் திருப்புக என்று அவர் சொன்னாற் கப்பல் முழுவதும் திருப்பும். சொல்லாவிட்டால் எந்தக் கரையை அடைந்தாலும் கப்பலுக்குள்ளே பழைய நேரமே செல்லும். இதற்குக் "கப்பல் நேரம்" என்று பெயர். மாலைதோறும் அறைக் கதவின் கீழாக ஒரு தாளைச் செருகிவிட்டுப் போவார்கள். அதன் தலைப்பிலே, எல்லா நேரங்களும் கப்பல் நேரமே என்று தடித்த எழுத்திலே அச்சிட்டிருக்கும். நான் அதைத் தவறாமற் படித்தேன் என்பதையும் இங்கே ஒப்புக்கொள்ளவேண்டும்.

மலாக்கா நீரிணையிலே போகும்போதே மகனுடைய கைத்தொலைபேசி எங்களை ஒருமுறை எச்சரித்தது. அந்நீரிணையின் ஒரு கரை மலேசியா, மறுகரை சுமாத்திரா. மலேசியாவின் நேரம் கிறீன்விச்சுக்கு 8 மணித்தியாலம் முந்தியது; சுமாத்திராவின் நேரம் 7 மணித்தியாலமே முந்தியது. எந்தக் கரையின் அலைக்கோபுரம் எட்டுகிறதோ அந்தக் கரையின் மணியைத் தொலைபேசி காட்டிவிடுகின்றது. முதல்நாட் காலையிலே மகன் எழுந்து பார்த்து, "இன்னும் ஆறரைதான் அப்பா" என்று சொல்லி மறுபடியும் போர்த்துக்கொண்டு படுத்தான். கப்பலிலே அப்போது ஏழரை. நாங்கள் சிரித்துவிட்டு அதை மறந்துபோனோம்.

அம்மாவுக்கு இந்தத் தொல்லை ஒன்றும் இல்லை. காலஞ்சென்ற என் ஐயாவின் கைக்கடிகாரம், சாவி கொடுத்து ஓட்டுகின்ற பழையது, அவருடைய கைப்பைக்குள்ளே எப்பொழுதும் இருக்கும். ஊரிலிருந்து புறப்பட்ட நாள்முதல் அதன் முள்ளை அவர் அசைக்கவேயில்லை. "நீங்கள் எந்த நேரத்தையும் வையுங்கோ. நான் குளிசை போடுறது ஊர் நேரத்துக்கு" என்று முதல்நாளே தீர்ப்புச் சொல்லிவிட்டார். காலை ஆறு மணிக்கு இரத்த அழுத்தக் குளிசை. அது கப்பலிலே எட்டரை. மாலை ஆறு மணிக்குச் சுவாமி கும்பிடுதல். அது கப்பலிலே இரவு எட்டரை. கப்பலிலே விளக்கேற்றத் தடை. ஆகையால் திருநீற்றைப் பூசிக்கொண்டு கண்ணை மூடியிருப்பார். சாப்பாட்டு மணி அடித்தாலும் எழும்பமாட்டார். சிங்கப்பூரிலே காலை ஏழு மணிவரையில் விடியாதிருந்ததை அவரால் மன்னிக்கவே முடியவில்லை.

அது சூரியனுடைய குற்றமன்று. சிங்கப்பூர் இருப்பது ஏறக்குறைய 104 பாகைக் கிழக்கிலே. சூரியனைக் கேட்டால், கிறீன்விச்சைவிட 7 மணித்தியாலமே முந்தவேண்டும் என்று சொல்லும். முன்னே ஏழரையாக இருந்த அந்நாட்டு நேரத்தை, மலேசியாவோடு சேர்ந்து 1982 ஆம் ஆண்டு பிறந்தபோது எட்டாக்கினார்கள். அதற்கும் முன்னே ஒரு கொடுமை நடந்தது. 1942 முதல் 1945 வரையில் யப்பானியர் மலாயாவை ஆண்டபோது அங்கே தோக்கியோ நேரத்தையே நடைமுறைப்படுத்தினார்கள். அம்மாவின் தகப்பனார் மலாயா றெயில்வேயிலே ஸ்ரேசன் மாஸ்ரர். கும்மிருட்டிலே எழுந்து காலை வண்டிக்குக் கொடி காட்டிய கதையை அவர் சாகும்வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தாராம். ஆள்பவன் மாறினால் மணிக்கூடும் மாறும் என்பது எங்கள் குடும்பத்துக்குப் பழைய செய்தி.

கடலிலே சரியான நேரம் ஒரு காலத்தில் உயிர்ப் பிரச்சினையாக இருந்தது. தன்னுடைய நெடுங்கோடு எதுவென்று தெரியாத மாலுமி இருட்டிலே நடக்கும் குருடன்தான். 1707 ஆம் ஆண்டில் ஆங்கிலக் கடற்படைக் கப்பல்கள் சிலி தீவுகளின் பாறைகளில் மோதி ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். 1714 ஆம் ஆண்டிலே பிரித்தானியப் பாராளுமன்றம், நெடுங்கோட்டைக் கண்டறியும் வழியைச் சொல்பவருக்குப் பெருந்தொகைப் பரிசை அறிவித்தது. அதற்கு விடை கண்டவர் வானசாத்திரியல்லர். ஜோன் ஹரிசன் என்னும் ஒரு தச்சர். புறப்பட்ட துறையின் நேரத்தைக் கப்பலிலே பிசகாமற் காக்கும் மணிக்கூடு ஒன்று இருந்தால், சூரியன் உச்சிக்கு வரும்போது அதைப் பார்த்து, வித்தியாசத்தைக்கொண்டு இருக்குமிடத்தைக் கணிக்கலாம். அவருடைய நாலாவது கடிகாரம் 1761 ஆம் ஆண்டிலே யமேக்காவை நோக்கிப் பயணமாகி, 81 நாட்களிலே சுமார் 5 விநாடியே பிந்தியது. வீட்டு நேரத்தை மாற்றாமல் வைத்திருப்பதே கடலிலே வழிகாட்டும் என்பதுதான் அந்த வித்தை. இதையும் வகுப்பிலே படிப்பிப்பவன் நானே.

நாலாம் நாட் காலையிலே புக்கெற்றை அடைந்தோம். அங்கே பத்தோங் என்னும் கரைக்கு அப்பாலே நங்கூரமிட்டு, சிறு படகுகளிலே ஆட்களைக் கரைசேர்த்தார்கள். தாய்லாந்து நேரம் சிங்கப்பூர் நேரத்துக்கு ஒரு மணித்தியாலம் பிந்தியது. கப்பலோ சிங்கப்பூர் நேரத்தையே வைத்துக்கொண்டது. அன்றிரவுதான் திருப்புவார்களாம். கரையிலிருந்து கடைசிப் படகு 4 மணி. அம்மாவோடு மனைவி தங்கிவிட்டாள். நானும் மகனும் இறங்கினோம். இறங்குமுன் அம்மா, "எத்தினை மணிக்கு வருவாய் தம்பி?" என்று கேட்டார். நான் மனக்கணக்குப் போட்டு, "உங்கட மணிக்கூட்டிலை ஒண்டே முக்காலுக்கு முன்னம் வந்திடுவம் அம்மா" என்றேன். கப்பல் நேரம் நாலேகால். கணக்குச் சரி.

என்னுடைய கைக்கடிகாரத்தின் வார் பினாங்கிலே அறுந்துபோனமையால் அதை அறையிலே வைத்துவிட்டு வந்தேன். தொலைபேசி இருக்கையிற் கடிகாரம் எதற்கு? மகனிடம் ஒன்று, என்னிடம் ஒன்று. கரையிலே கால்வைத்தவுடன் இரண்டும் தாய்லாந்தின் நேரத்துக்கு மாறிவிட்டன. இரண்டும் ஒரே மணியைக் காட்டியதனால் எனக்குச் சந்தேகமே வரவில்லை. அவை பொய் சொல்லவுமில்லை. தாங்கள் நின்ற மண்ணின் நேரத்தைச் சொல்லின. நாங்கள் சந்தையைச் சுற்றினோம், இளநீர் குடித்தோம், இரண்டே முக்காலுக்கு மணலிலே சாய்ந்து உட்கார்ந்திருந்தோம்.

அப்போது எங்களுடைய சாப்பாட்டு மேசையிலே இருக்கும் ஒரு வயோதிபத் தம்பதிகள் வெகுவேகமாக எங்களைக் கடந்துபோனார்கள். கிழவர் திரும்பி, "நீங்கள் வரவில்லையா?" என்று ஆங்கிலத்திலே கேட்டார். இன்னும் ஒரு மணித்தியாலத்துக்கு மேலே இருக்கிறதே என்றேன். அவர் ஒன்றும் பேசாமல் மணிக்கட்டை என் முகத்துக்கு நேரே நீட்டினார். 3 மணி 46 நிமிடம்.

அந்தக் கணத்திலே என் வயிற்றிலே உண்டான குளிரை எழுத்திலே சொல்ல இயலாது. கடவுச்சீட்டுகள் கப்பல் அலுவலகத்திலே இருந்தன. பையிலே இருந்த பணம் ஒருநாட் சாப்பாட்டுக்குக்கூடப் போதாது. இலங்கையர் ஒருவர் கடவுச்சீட்டு இல்லாமல் வேற்று நாட்டிலே நிற்பது எத்தகையதென்று எங்கள் ஊரவர்களுக்கு நான் விளக்கவேண்டியதில்லை. கப்பலிலே அம்மாவும், ஆங்கிலம் பேசக் கூச்சப்படும் மனைவியும். மகனுடைய கையைப் பிடித்துக்கொண்டு மணலிலே ஓடினேன். பாதிவழியிலே செருப்பொன்று கழன்றது, விட்டுவிட்டேன். படகுத்துறையை அடைந்தபோது கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். அட்டைகளைப் பார்த்த வாலிபன், எங்களுடைய இலக்கங்களைத் தன் பட்டியலிலே வெட்டிவிட்டு, ஒரு சொல்லும் பேசாமல் கைகொடுத்து ஏற்றினான்.

அறைக்குள்ளே நுழைந்தபோது அம்மா ஐயாவின் கடிகாரத்தைப் பார்த்தார். "ஒண்டே முக்கால். சொன்னபடி வந்திட்டாய்" என்றார். என் ஒற்றைச் செருப்பை அவர் கவனிக்கவில்லை. மனைவி கவனித்தாள்.

அன்றிரவு அம்மா உறங்கியபின் நான் நெடுநேரம் விழித்திருந்தேன். இரண்டு நேரங்களோடு வாழ்வது எனக்குப் புதிதா என்ன? 1995 ஆம் ஆண்டு ஒக்டோபர் இறுதியிலே யாழ்ப்பாணத்தைவிட்டுப் புறப்பட்ட இலட்சக்கணக்கான சனங்களோடு நாங்களும் வன்னிக்குப் போனோம். அடுத்த வருடம் மே மாதத்திலே மழையின்றி மின்சாரம் குறைந்ததனால், அரசாங்கம் நாட்டின் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளிற்று. ஒக்டோபரிலே அதில் அரை மணியைத் திருப்பியெடுத்தது. வன்னியிலே பழைய நேரமே நடந்தது. 2002 ஆம் ஆண்டில் பாதை திறந்தபின் நான் பல்கலைக்கழகத்துக்கு முகமாலையைக் கடந்து போய்வருவேன். இந்தப் பக்கத்திலே எட்டு மணி; சோதனைச் சாவடிக்கு அப்பாலே எட்டரை. கலியாண ஓலையிலேகூடப் பழைய நேரமா, புதிய நேரமா என்று கேட்டறிந்துதான் போவோம்.

தபாற் கந்தோரிலே உத்தியோகம் பார்த்து ஓய்வுபெற்ற ஐயா, யாழ்ப்பாணத்துக்கு மீண்டுவந்த பின்னும் அந்தக் கடிகாரத்தை மாற்றவில்லை. அயலவர்கள் பகிடிபண்ணுவார்கள், அவர் அரை மணியைக் கூட்டிக்கொண்டு கருமங்களைப் பார்ப்பார். 2006 ஆம் ஆண்டு ஏப்பிரலிலே அரசாங்கம் மிகுதி அரை மணியையும் திருப்பி எடுத்தது. அன்றைக்கு அயல் முழுவதும் மணிக்கூடு திருப்ப, ஐயா மாத்திரம் கைகட்டிக்கொண்டு திண்ணையிலே இருந்தார்.

புக்கெற்றை விட்ட இரவு கப்பல் ஒரு மணித்தியாலத்தைக் கழித்தது. பெரிய நிக்கோபாருக்கும் சுமாத்திராவுக்கும் இடையே கடந்து வங்கக் கடலுள் வந்த மறுநாள் இரவு இன்னொரு மணித்தியாலம். மூன்றாம் இரவு கதவின் கீழே வந்த தாளிலே, அரை மணித்தியாலம் பின்னே திருப்புக என்று இருந்தது. "அரை மணித்தியாலமா?" என்று மேசையிலிருந்த வெள்ளைக்காரப் பெண்மணி வியந்தார். நான் 82½ பாகை நெடுங்கோட்டைப்பற்றி அவருக்கு விளக்கத் தொடங்கினேன். மகன் மேசையின் கீழே என் காலை மிதித்தான்.

மறுநாட் காலையிலே அம்மா கடிகாரத்துக்குச் சாவி கொடுத்து, சுவரிலே ஒளிர்ந்த கப்பல் மணிக்கூட்டைப் பார்த்தார். இரண்டிலும் ஆறு. குளிசையை வாயிலே போட்டுக்கொண்டு, "இப்பதான் சரியான நேரத்துக்கு வந்திருக்கிறாங்கள்" என்றார்.