உப்புக் காற்றில் ஓடும் சில்லு

மனிதன் தன் கால்வலிமை ஒன்றையே துணையாகக் கொண்டு தொலைவைக் கடப்பதற்குக் கண்ட கருவிகளுள் துவிச்சக்கர வண்டிக்கு ஒப்பானது பிறிதொன்றில்லை எனலாம். அதற்கு எரிபொருள் வேண்டுவதில்லை, தீவனமும் வேண்டுவதில்லை. ஒற்றையடிப் பாதையிலும் அது செல்லும், படலைக்குள்ளும் நுழையும். அதன் நிறத்தையும் பெயரையும் பற்றிப் பேசுவோர் பலர்; அதனைத் தாங்கி ஓடும் சில்லைப் பற்றிச் சிந்திப்போர் சிலரே. இலேசான சில்லு நல்லதா, உறுதியான சில்லு நல்லதா என்னும் வினா பந்தய வீரர்க்கு மட்டுமே உரியதெனப் பலர் கருதுவர். மன்னார்க் கரையோரத்தில் அவ்வினா ஒரு குடும்பத்தின் வரவு செலவோடும் தொடர்புடையது.

மன்னார் மாவட்டத்தின் நானாட்டான் பிரதேச செயலாளர் பிரிவில், வங்காலைக்கு அண்மையில் உள்ள ஊர் நறுவிலிக்குளம். பசைகொண்ட சிறு கனிகளைத் தரும் நறுவிலி மரமும் குளமும் சேர்ந்து அவ்வூருக்குப் பெயராயின. ஒரு புறம் கட்டுக்கரைக்குளத்து நீரால் விளையும் வயல்கள். மறுபுறம் கடலும் உவர்நிலமும். நிலம் உள்ளங்கை போன்று தட்டையானது. ஏறுவதற்கு மேடில்லை, இறங்குவதற்குச் சரிவுமில்லை. ஆயினும் அங்கு துவிச்சக்கர வண்டி ஓட்டுவது எளிதன்று. மலைநாட்டில் மேடு செய்யும் வேலையை மன்னாரிலே காற்றுச் செய்கின்றது. சோழகம் வீசும் மாதங்களில் எதிர்க்காற்றில் வண்டி மிதிப்பவன், கண்ணுக்குப் புலப்படாத ஒரு குன்றின்மீது ஏறிக்கொண்டேயிருக்கின்றான். மன்னார்த் தீவிலே 30 காற்றாலைகளைக் கொண்டு 103.5 மெகாவாற்று மின்வலு பெறும் நிலையம் 2020 ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது என்றால், அக்காற்றின் வலிமைக்கு வேறு சான்று வேண்டியதில்லை.

இப்பகுதி மக்களின் வாழ்வில் துவிச்சக்கர வண்டி பெற்ற இடம் பெரிது. கரையில் ஏற்றிய மீன்பெட்டியைப் பின்புறக் கரியரில் கட்டிக்கொண்டு, வெயில் ஏறுமுன் உள்ளூர்களுக்கு விரையும் வியாபாரிகளை இங்கு யாவரும் அறிவர். 1990 ஆம் ஆண்டின் பின் வடபகுதிக்கு எரிபொருள் செல்வது தடைப்பட்ட காலத்தில் நெல்மூடையும் விறகும் நோயாளரும் துவிச்சக்கர வண்டியிலேயே சென்றனர். 2022 ஆம் ஆண்டில் நாடு முழுவதும் எரிபொருளுக்கு வரிசையில் நின்றபோது, மூலையில் துருவேறிக் கிடந்த வண்டிகள் மீண்டும் முற்றத்துக்கு வந்தன. அவற்றின் விலையும் உதிரிப்பாகங்களின் விலையும் ஏறிய ஏற்றத்தைப் பலர் மறந்திருக்கமாட்டார்கள்.

நறுவிலிக்குளத்து இளைஞன் ஒருவன் மன்னார் நகரில் ஒரு கடையில் வேலை பார்க்கின்றான். கொழும்பில் ஒருவர் ஓட்டிக் கழித்த பந்தய வண்டியொன்றை அவன் குறைந்த விலைக்கு வாங்கினான். சட்டகம் நன்றாயிருந்தது, சில்லுகள் தேய்ந்திருந்தன. காலையும் மாலையும் அதே வண்டியில் வேலைக்குச் செல்லவேண்டும். சித்திரைப் புத்தாண்டுப் போட்டியிலும் ஓடவேண்டும். கொழும்புக் கடையொன்றில் காபன் நாராற் செய்த இலேசான சில்லுகளைக் கண்டான். அவற்றின் விலை அவனுடைய பல மாதச் சேமிப்பு. அச்சேமிப்பிலேதான் உயர்தர வகுப்புக்குச் செல்லும் தங்கையின் வண்டிக்குப் புது ரயரும் ரியூபும் வாங்கவேண்டியிருந்தது. ஆகவே அவனுடைய தெரிவு சில்லு பற்றியதாக மட்டும் இருக்கவில்லை.

இத்தெரிவை ஆராயுமுன் சில்லு எவ்வாறு தொழிற்படுகின்றது என்பதை அறிதல் வேண்டும். மாட்டுவண்டிச் சில்லின் குடத்தை அதன் கீழுள்ள ஆர்க்கால்கள் தூண்போல நின்று தாங்குகின்றன. துவிச்சக்கர வண்டியின் மெல்லிய கம்பியோ தூண்போல நிற்கமாட்டாது, அழுத்தினால் வளைந்துவிடும். ஆயின் இழுத்துப் பிடித்தால் அதன் வலிமை வியக்கத்தக்கது. எல்லாக் கம்பிகளும் நாற்புறமும் இறுக இழுக்கப்பட்டிருப்பதனாலேயே சில்லு உருக்குலையாது நிற்கின்றது. இவ்வுண்மையை 1808 ஆம் ஆண்டிலேயே ஆங்கிலேயரான ஜோர்ஜ் கெய்லி சிந்தித்தார். 1869 இல் பாரிஸ் நகரத்து இயூஜின் மேயர் கம்பிச் சில்லுக்குக் காப்புரிமை பெற்றார். குடத்தின் நடுவிலிருந்து நேரே செல்லாது, அதன் விளிம்பைத் தொட்டவாறு சாய்ந்து செல்லும் கம்பி அமைப்பை 1874 இல் ஜேம்ஸ் ஸ்ராலி கொண்டுவந்தார். 1888 இல் பெல்பாஸ்ற் நகரத்து மிருக வைத்தியர் டன்லொப் காற்றடைத்த ரயருக்குக் காப்புரிமை பெற்றார். இன்றைய சில்லு அடிப்படையில் இவர்கள் கண்ட சில்லே.

இனி, எடையைப் பற்றிய கணக்கைப் பார்ப்போம். சாதாரணமான நல்ல சோடிச் சில்லுகளுக்கும் விலை உயர்ந்த இலேசான சோடிக்கும் இடையிலுள்ள வேறுபாடு ஏறத்தாழ அரைக் கிலோகிராம் எனக் கொள்வோம். ஓட்டுபவனும் வண்டியும் சேர்ந்து 80 கிலோகிராம் எனின், அரைக் கிலோ என்பது நூற்றில் ஒரு பங்கினும் குறைவு. சில்லின் ஓரத்திலுள்ள எடை முன்னே நகர்வதோடு சுழலவும் வேண்டியிருப்பதால், வேகம் கூட்டும்போது அது ஏறக்குறைய இரு மடங்காக உணரப்படும் என்பது உண்மையே. அப்படியாயினும் அது ஒரு கிலோவுக்கு மேற்படாது. ஒரே வேகத்திற் சென்றுகொண்டிருக்கும்போது அவ்விரட்டிப்பும் இல்லை. மேடில்லாத நிலத்தில், சில்லின் எடையைக் குறைத்துப் பெறும் இலாபம் மிகச் சிறிது.

காற்றின் கணக்கு வேறு. காற்றின் தடைவிசை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப வளர்வது. மணிக்கு 30 கிலோமீற்றர் வேகத்திற் செல்பவனை 20 கிலோமீற்றர் வேகத்து எதிர்க்காற்று சந்திக்குமாயின், அவன் 50 கிலோமீற்றர் வேகக் காற்றை எதிர்க்கின்றான். தடைவிசை ஏறத்தாழ இரண்டே முக்கால் மடங்காகின்றது. இதனை வெல்லவே காற்றைக் கிழிக்கும் ஆழமான விளிம்புள்ள சில்லுகள் செய்யப்படுகின்றன. ஆயின் 50 மில்லிமீற்றரும் அதற்கு மேலும் ஆழமுள்ள விளிம்பு பக்கக் காற்றைப் பாய்போலப் பிடிக்கும். முன்சில்லைத் திசைதிருப்பி, கைபிடியை உலுப்பிவிடும். மன்னாரைப் பெருநிலத்தோடு இணைக்கும் ஏறத்தாழ 3 கிலோமீற்றர் நீளமான தாம்போதியில் மரமுமில்லை, மதிலுமில்லை. இரு புறமும் நீர். அருகே கனரக வண்டி கடக்கும்போது முன்சில்லு ஒரு சாண் விலகினாலும் உயிருக்கே ஆபத்து. ஆகவே இவ்விடத்துக்கு ஆழம் குறைந்த விளிம்பே பொருந்தும்.

அடுத்தது உறுதி. ஒரு கிலோமீற்றர் செல்லப் பந்தய வண்டியின் சில்லு ஏறத்தாழ 470 தடவை சுழல்கின்றது. ஒவ்வொரு சுற்றிலும் நிலத்தருகே வரும் கம்பியின் இழுவை சற்றுத் தளர்ந்து மீண்டும் இறுகுகின்றது. நாளொன்றுக்கு 20 கிலோமீற்றராக ஆண்டில் 300 நாட்கள் ஓடினால், ஒவ்வொரு கம்பியும் 28 இலட்சம் தடவை இவ்வாறு தளர்ந்து இறுகும். கம்பிகள் பெரும்பாலும் ஒரே அடியில் முறிவதில்லை. இவ்வாறு களைத்தே முறிகின்றன. சங்கிலிப் பற்சில்லுகள் இருக்கும் பின்சில்லின் வலப்புறக் கம்பிகள் அதிகம் இழுக்கப்பட்டிருப்பதால் அவற்றையே முதலிற் கவனித்தல் வேண்டும். 32 கம்பிகள் உள்ள சில்லில் ஒன்று முறிந்தால், சற்று நெளிவோடு வீடு வந்து சேரலாம். 20 கம்பிகள் மட்டுமே உள்ள சில்லில் ஒன்று முறிந்தால், விளிம்பு பிறேக்கிலோ சட்டகத்திலோ உரசி நின்றுவிடக்கூடும். இரு முனையும் பருத்து நடுவில் மெலிந்த கம்பி, முழுவதும் பருத்த கம்பியிலும் இலேசானது. நடுப்பகுதி சிறிது நீண்டு சுருங்குவதனால் முனைகளில் ஏறும் பாரமும் குறைகின்றது. இலேசும் உறுதியும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்பதற்கு இக்கம்பி நல்ல சான்று.

இவற்றோடு உப்பும் முள்ளும் உள்ளன. உவர்க்காற்று சாதாரண உருக்குக் கம்பியைத் துருப்பிடிக்கச் செய்யும். கம்பியை விளிம்போடு பூட்டும் நிப்பிள் அலுமினியத்தாலானதாயின் உப்பு அதனை அரித்து இறுகப் பிடித்துவிடும். பின்னர் நெளிவெடுக்கத் திருப்பினால் உடையும். துருவேறாத உருக்குக் கம்பியும் பித்தளை நிப்பிளும் சில கிராம் கூடினாலும் கடற்கரைக்கு அவையே ஏற்றவை. ஒழுங்கை மணலும் நெருஞ்சி முள்ளும் 23 மில்லிமீற்றர் ரயருக்கு இரக்கம் காட்டுவதில்லை. சட்டகம் இடங்கொடுக்குமாயின் 28 அல்லது 32 மில்லிமீற்றர் ரயர் காற்றழுத்தம் குறைவாகவும் ஓடும். குழியின் அதிர்ச்சியை விளிம்புக்குக் கடத்தாது தானே ஏற்கும்.

இளைஞன் இவற்றையெல்லாம் நூலிற் படித்தவனல்லன். ஊரிலே நெடுங்காலம் வண்டி திருத்தும் பெரியவரிடம் சென்று காபன் சில்லின் படத்தைக் காட்டினான். அவர் அதைக் குறைகூறவில்லை. உற்றுப் பார்த்துவிட்டு ஒரு கேள்வி மட்டும் கேட்டார்: “நல்ல சாமான்தான் தம்பி. உடைஞ்சா இஞ்ச எடுக்கேலுமா?”

பல பக்க விளம்பரங்கள் விடையளிக்காத கேள்வி அது. பந்தய வீரனின் பின்னே உதிரிச் சில்லோடு ஒரு வாகனம் செல்கின்றது. நறுவிலிக்குளத்தானின் பின்னே எவரும் வருவதில்லை. சில்லு முறிந்தால் அன்றைய சம்பளமும் முறியும். அவன் இருநாள் யோசித்தான். பின்னர் ஆழம் குறைந்த அலுமினிய விளிம்பும், சில்லுக்கு 32 கம்பிகளும், கழற்றிக் கிறீஸ் பூசக்கூடிய குடமும் வாங்கிவந்தான். பெரியவர் அவற்றைத் தம் கையாலேயே கோத்தார். ஒவ்வொரு கம்பியையும் விரலாற் சுண்டி, எழும் ஒலியைக் கொண்டு இறுக்கத்தை ஒப்பிட்டுச் சரிசெய்தார். எஞ்சிய பணத்தில் தங்கையின் வண்டிக்கு ரயரும் ரியூபும் வந்தன. புத்தாண்டுப் போட்டியில் அவன் மூன்றாவதாக வந்தான். முதல் இருவரும் தன்னிலும் வல்லவர் என்பதை அவனே சொல்லிக்கொண்டான்.

பொருளொன்றைத் தெரிவுசெய்யும்போது அது எங்கே செய்யப்பட்டது, எவர் பாவிக்கின்றார் என்று கேட்பது வழக்கமாகிவிட்டது. எந்த நிலத்தில், எந்தக் காற்றில், எவருடைய உழைப்பைத் தாங்கி அது ஓடப்போகின்றது என்று கேட்போர் அரியர். காபன் சில்லு தாழ்ந்ததன்று. அதற்குரிய வீதியில் அது சிறந்ததே. ஆயினும் பிறநாட்டு மலைப்பாதைக்கென எழுந்த அளவுகோலை உவர்நிலத்துக்கு அப்படியே கொண்டுவருதல் அறிவாகாது. சில்லைக் கோக்கும் பெரியவர்கள் ஊருக்கு ஒருவராக இன்னும் இருக்கின்றார்கள். அவர்களுடைய விரலில் இருக்கும் அறிவு எழுத்தில் ஏறவில்லை. அவர்களுக்குப் பின் அதனைக் கற்க வருவோரும் குறைவு. இயந்திரவியல் கற்கும் மாணவர் விசையையும் இழுவையையும் கரும்பலகையிலே கற்கின்றனர். அவ்வகையான ஒரு கொட்டிலில் ஒரு பிற்பகல் அமர்ந்து, சுண்டிய கம்பியின் ஒலியைக் கேட்டு, கண்டதைத் தமிழில் எழுதிவைப்பாராயின் அக்கல்விக்கும் பயனுண்டு; ஊருக்கும் பயனுண்டு.