அந்த வெள்ளையை முதலில் வைத்தது நான்

மதுரையைச் சுற்றியுள்ள மலைகளில் ஒன்றில், ஆயிரம் ஆண்டுப் பழமையான வட்டெழுத்துக் கல்வெட்டின் மேல் நான் சாக்பீஸ் தேய்த்தேன். அதைப் படம் எடுத்து, போகிற வழியையும் எழுதி, பத்திரிகையில் போட்டேன். படித்துவிட்டு வந்த யாரோ அதே எழுத்துகளின் மேல் பெயின்ட் அடித்தார்கள். பழி ஊர்ப் பையன்கள் மேல் விழுந்தது. நான் வாயைத் திறக்கவில்லை.

சுருக்கமாகச் சொன்னால் இவ்வளவுதான். ஆனால் சுருக்கமாகச் சொல்லித் தப்பிக்க எனக்கு உரிமை இல்லை.

பிறந்து வளர்ந்த ஊர் இது. மனசு சரியில்லாத சாயங்காலங்களில் வண்டியூர் தெப்பக்குளத்துச் சுற்றுச்சுவரில் போய் உட்காருவேன். வெயில் கொளுத்தும் நாட்களில் காந்தி மியூசியம். ராணி மங்கம்மாள் அரண்மனையாக இருந்து 1959-ல் அருங்காட்சியகமான கட்டடம். காந்தி சுடப்பட்டபோது உடுத்தியிருந்த ரத்தக்கறை படிந்த துணி அங்கே இருக்கிறது. அதன் முன்னால் சின்னப் பிள்ளைகள்கூடக் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள்.

ஆனால் என் மனம் ஒட்டியது மலைகளில்தான். யானைமலை, நாகமலை, திருப்பரங்குன்றம், அழகர்மலை, அரிட்டாபட்டி. எல்லாவற்றுக்கும் மேலாகக் கீழக்குயில்குடி சமணர்மலை. அடிவாரத்தில் தாமரைக்குளம், ஆலமரங்கள், அய்யனார் கோயில். மேலே ஏறினால் பேச்சிப்பள்ளம். பாறையில் வரிசையாகச் சமணத் திருமேனிகள். அவற்றின் கீழே ஒன்பதாம் பத்தாம் நூற்றாண்டு வட்டெழுத்துகள். அதில் ஒன்று, அந்தத் திருமேனியைச் செய்வித்தவர் அச்சணந்தி என்ற துறவியின் தாயார் குணமதியார் என்று சொல்கிறது. வீட்டைத் துறந்துபோன மகனுடைய பெயரோடு சேர்த்துத் தாயின் பெயரும் பாறையில் நிற்கிறது. முதல்முதலாக ஒருவர் எனக்கு அதைப் படித்துக் காட்டியபோது கண் கலங்கிவிட்டது. நானே படிக்க வேண்டும் என்று வட்டெழுத்துக் கற்றுக்கொண்டேன். அதுவரைக்கும் என்னிடம் தப்பு இல்லை.

கற்றது தலைக்கு ஏறியது. ஞாயிற்றுக்கிழமைகளில் நண்பர்களையும் அவர்கள் குடும்பங்களையும் கூட்டிப்போக ஆரம்பித்தேன். நான் எழுத்து எழுத்தாகப் படிப்பேன். அவர்கள் வாய் பிளந்து கேட்பார்கள். கொஞ்ச காலத்தில் அந்த மலைகள் எனக்கு இளைப்பாறும் இடங்களாக இல்லை. அவர்களுடைய வியப்புக்காகவே போனேன். தனியாகப் போவதை நிறுத்தியே விட்டேன்.

சம்பவம் நடந்த மலையின் பெயரை இங்கே சொல்ல மாட்டேன். உங்களிடம் மறைக்க வேண்டும் என்பதற்காக இல்லை. ஒருமுறை சொன்னதால் வந்த கேட்டைத்தான் இப்போது எழுதிக்கொண்டிருக்கிறேன்.

அன்றைக்குக் கிளம்பவே நேரமாகிவிட்டது. ஏறி முடித்தபோது வெயில் உச்சிக்கு வந்திருந்தது. இந்த எழுத்துகளைப் பார்க்கக் காலை வெயிலோ மாலை வெயிலோ வேண்டும். சாய்வாக ஒளி விழும்போதுதான் வெட்டின் பள்ளத்தில் நிழல் நிற்கும், எழுத்து எழுந்து வரும். உச்சி வெயிலில் பாறை வெறும் பாறைதான். நான் சொல்லிச் சொல்லிக் கூட்டி வந்தவர்கள் எதிரே நின்று, "எங்க, ஒண்ணும் தெரியலையே" என்றார்கள். அந்த ஒரு வார்த்தையை என்னால் தாங்க முடியவில்லை.

பையில் சாக்பீஸ் இருந்தது. வீட்டிலிருந்தே எடுத்துப் போயிருந்தேன். அவசரத்தில் செய்துவிட்டேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை.

சாயங்காலம் வரை காத்திருக்கலாம் என்று தெரியும். பக்கவாட்டில் டார்ச் அடித்துப் பார்க்கலாம் என்று தெரியும். கல்வெட்டைப் படியெடுக்க ஈரத்தாளை ஒட்டி, பிரஷ்ஷால் தட்டி, மை ஒற்றுவார்கள். அதற்குப் பயிற்சியும் அனுமதியும் வேண்டும். அதுவும் தெரியும். அடிவாரத்தில் தொல்லியல் துறையின் நீலப் பலகை இருக்கிறது. அதைத் தாண்டித்தான் ஏறினேன்.

சற்றுத் தள்ளி ஒரு பெரியவர் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தார். நான் கையை ஓங்கியதுமே எழுந்து வந்தார்.

"சார், அதுல கை வைக்காதீங்க. அது பாண்டவர் எழுத்து. எங்க தாத்தா காலத்துலருந்து யாரும் தொட்டதில்ல."

எங்கள் பக்கத்துக் கிராமங்களில் சமணப் படுக்கைகளைப் பஞ்சபாண்டவர் படுக்கை என்றுதான் சொல்வார்கள். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டேன்.

"பெரியவரே, இது பாண்டவரும் இல்ல, ஒண்ணும் இல்ல. இதப் படிச்சவன் நான். நீங்க போய் ஆட்டப் பாருங்க."

கூட வந்தவர்கள் சிரித்தார்கள். அவர் மறுபேச்சுப் பேசவில்லை. நின்று பார்த்துக்கொண்டே இருந்தார்.

தேய்த்தேன். அந்த மலைகளின் பாறை வெயிலிலும் மழையிலும் மேல்தோல் பொரிந்து நிற்பது. சாக்பீஸ் படும்போது சின்னச் சின்ன மணலாக ஏதோ உதிர்ந்து என் மணிக்கட்டில் விழுந்தது. சாக்பீஸ் தூள் என்று நினைத்துத் தட்டிவிட்டேன். அதில் கல்லும் இருந்தது. எழுத்து தேய்ந்துபோன இடங்களில் என் கை நிற்கவில்லை. இதுவாகத்தான் இருக்கும் என்று ஊகித்து இழுத்துக்கொண்டே போனேன். ஓரிடத்தில் பாறையின் இயற்கையான வெடிப்பு ஒன்றை எழுத்தின் காலாக்கிவிட்டேன். அதனால் கல்வெட்டில் இல்லாத ஒரு பெயர் வந்தது. அந்தப் பெயரைச் சத்தமாகப் படித்தேன். கைதட்டினார்கள்.

கட்டுரையில் அந்தப் படத்தைப் போட்டேன். ஆளே இல்லாத இடம் என்று எழுதினேன். எந்த நிறுத்தத்தில் இறங்கி, எந்த மரத்தில் திரும்ப வேண்டும் என்பது வரை எழுதினேன். தொடாதீர்கள் என்று ஒரு வரி எழுதவில்லை. எழுதினாலும் செல்லாது. பளிச்சென்று வெள்ளை எழுத்து தெரிகிற படம் பக்கத்திலேயே இருந்தது. இதை இப்படித்தான் பார்க்க வேண்டும் என்று அந்தப் படம் கற்றுக்கொடுத்தது.

சில மாதங்கள் கழித்து ஒரு நண்பர் போன் செய்தார். யாரோ வெள்ளை எனாமல் பெயின்ட் வைத்து எழுத்துகளை வரைந்திருக்கிறார்களாம். படம் அனுப்பினார். பெரிதாக்கிப் பார்த்தேன். அந்த வெடிப்பின் மேலும் பெயின்ட் ஓடியிருந்தது. மைப்படி எடுத்துப் படித்தவர்களின் வாசிப்பில் அந்த எழுத்து கிடையாது. உலகத்தில் அதை அப்படிப் படித்தவன் நான் ஒருவன்தான். பூசியவர் யாரென்று எனக்குத் தெரியாது. எதைப் பார்த்துப் பூசினார் என்பது தெரியும்.

விசாரிக்க வந்தவர்கள் ஊருக்குள் போனார்கள். அடிவாரத்தில் கிரிக்கெட் ஆடும் பையன்களைக் கூப்பிட்டுக்கொண்டு போய் நாள் முழுக்க உட்கார வைத்தார்கள். அவர்களில் ஒருவன் அந்தப் பெரியவரின் பேரன். போலீஸ் தேர்வுக்காக விடியற்காலையில் மலையைச் சுற்றி ஓடிப் பழகிக்கொண்டிருந்தவன். வழக்கு ஏதும் பதிவாகிவிட்டால் அவன் வேலைக் கனவு அன்றோடு முடிந்திருக்கும். பதியவில்லை. ஆனால் அந்தப் பக்கம் ஓடுவதை நிறுத்திவிட்டான். பெரியவரிடம் அந்தச் சரிவில் ஆடு ஏற்றக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். அவர் வேறு பக்கம் ஓட்டிப் போனார். அந்த வயதில் எவ்வளவு தூரம் நடந்திருப்பார் என்று நான் யோசிக்காத நாள் இல்லை என்று எழுதினால் அது பொய். பல நாட்கள் யோசிக்கவே இல்லை.

இதெல்லாம் எனக்கு அப்போதே தெரியும். நண்பர் ஒன்றுவிடாமல் சொன்னார். அன்று இரவு சட்டத்தை எடுத்துப் படித்தேன். பாதுகாக்கப்பட்ட தொல்சின்னத்தைச் சேதப்படுத்தினால் 1958-ஆம் ஆண்டுச் சட்டப்படி தண்டனை உண்டு. 2010 திருத்தத்துக்குப் பின் அது இரண்டு ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம். பயந்தேன். ஜெயிலுக்குப் பயந்ததைவிடப் பேர் கெட்டுவிடும் என்றுதான் அதிகம் பயந்தேன். மேடைகளில் மதுரை மலைகளைப் பற்றிப் பேசக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அதை விட மனமில்லை.

அந்த மேடைகளில் நான் என்ன பேசினேன் என்பதையும் சொல்கிறேன். யானைமலையைச் சிற்ப நகரமாக்கும் திட்டத்தை ஒத்தக்கடை மக்கள் எதிர்த்து நின்றதைப் பேசினேன். 2022-ல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட அரிட்டாபட்டியைப் பேசினேன். 2024-ல் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு அந்தப் பகுதியை ஏலம் விட்டதை எதிர்த்து மேலூர்ப் பக்கத்துச் சனங்கள் மதுரைக்கு நடந்தே வந்தார்கள். 2025 ஜனவரியில் ஏலம் ரத்தானது. மலையைக் காப்பாற்றியவர்கள் அந்த ஊர்க்காரர்களும் விவசாயிகளும் மேய்ப்பர்களும்தான் என்று தொண்டை அடைக்கச் சொன்னேன். அப்படிப்பட்ட ஒருவர் நேரில் வந்து தொடாதீங்க என்று சொன்னபோது அவரை விரட்டிய நான்தான் அந்த மேடையில் நின்றுகொண்டிருந்தேன்.

பிறகு ஒருநாள் அவர் வீட்டுக்குப் போனேன். திண்ணையில் உட்காரச் சொன்னார். நடந்ததைச் சொன்னேன். "அன்னைக்கே சொன்னேனே சார்" என்றார். கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். பேரனைக் கூப்பிட்டு, அவனிடமும் சொல்லச் சொன்னார். அவன் நின்றபடியே கேட்டான். முடிந்ததும் ஒன்றே ஒன்றுதான் கேட்டான்.

"இத எழுதிக் குடுப்பீங்களா சார்?"

சரி என்று உடனே சொல்லவில்லை. பார்க்கலாம் தம்பி என்றேன். வாசலைத் தாண்டி வரும்போதும் தப்பிக்க என்ன வழி என்றுதான் மனம் தேடியது. அந்தத் தயக்கத்தையும் என் குற்றத்தோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது எழுதிக் கொடுத்துவிட்டேன். மலையின் பெயர், தேதி, கூட வந்தவர்கள், படத்தின் மூலப்பிரதி எல்லாவற்றோடும் உரிய அலுவலகத்துக்கு ஒரு பிரதி போயிருக்கிறது. ஒரு பிரதி அந்தப் பையனிடம் இருக்கிறது. என் பழைய கட்டுரையை வெட்டி வைத்திருப்பவர்கள் தயவுசெய்து கிழித்துப் போடுங்கள். அதில் நான் படித்த பெயர் கல்லில் இல்லை. இந்த விஷயத்தில் இனி யாரையாவது விசாரிக்க வேண்டுமென்றால் என்னைக் கூப்பிடுங்கள். அந்த ஊர்ப் பையன்களுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.