கொத்மலை ஓயாவின் மறுமுனை

ஹோட்டன் சமவெளிப் பக்கம் பிறந்து அக்கரப்பத்தனை வழியாக இறங்கும் ஆற்றைத் தலவாக்கலையில் மறித்துவிடுகிறார்கள். 2012இல் இயங்கத் தொடங்கிய மேல் கொத்மலை அணை உயரத்தில் பெரிதல்ல, 35 மீற்றர்தான். ஆனால் தண்ணீரின் பெரும்பங்கு அங்கேயே சுரங்கத்துக்குள் நுழைந்து, ஏறத்தாழ 13 கிலோமீற்றர் மலைக்குள் ஓடி, 150 மெகாவாட் நிலையத்தில் வேலை செய்துவிட்டுத்தான் வெளிச்சம் பார்க்கிறது. சென்கிளேயர் நீர்வீழ்ச்சிக்கு அணை விடுகிற அளவுதான்.

சித்திரைப் புத்தாண்டு லீவில் எங்கள் தோட்டங்களிலிருந்து திருகோணமலைக்கு வேன் புறப்படும். கோணேசர் கோயில், கன்னியா வெந்நீர்க் கிணறு, கடற்குளிப்பு. பயணம் அதோடு முடியும். நம்ம ஆறும் அங்கேதான் போகிறது என்று வேனில் யாரும் பேசிக் கேட்டதில்லை.

கொத்மலையில் 1985இல் கட்டிய பெரிய அணை ஊர்களையே விழுங்கியது. கடும் வறட்சியில் பழைய கடதொர விகாரையின் இடிபாடு தலைகாட்டும். அதைத் தாண்டி, கம்பளைக்கு முன்பாக ஓயா மகாவலியில் சேர்ந்து பெயரை இழக்கிறது. பேராதனைப் பூங்காவை வளைத்துக்கொண்டு கண்டியைக் கடந்தால் பொல்கொல்லை. 1976 முதல் தண்ணீர் இங்கே இரண்டாகப் பிரிகிறது. ஒரு பங்கு மலையைக் குடைந்து உக்குவளைக்குப் போய், அம்பன் கங்கையில் இறங்கி, மின்னேரியா, கவுடுல்ல, கந்தளாய்க் குளங்கள் வரை எட்டுகிறது. கந்தளாய்க் குளக்கட்டில் வேனை நிறுத்தி முகம் கழுவுகிறோமே, அதில் எங்கள் மலை மழையும் கொஞ்சம் இருக்கும். மற்றப் பங்கு விக்டோரியா, ரந்தெனிகல, ரந்தம்பை என்று அணை அணையாக விழுந்து, சமவெளியில் வடக்கே திரும்பி, மனம்பிட்டிக்கு அப்பால் வில்லு என்னும் சதுப்பு நிலங்களில் பரந்து சோம்புகிறது. ஒரு கிளை வெருகலுக்குப் பிரிய, 335 கிலோமீற்றர் நடந்த ஆறு மூதூர் அருகே கொட்டியாரக் குடாவில் கடலாகிறது.

திருகோணமலையில் இனிமேல் படகுதான். ஃபைபர் போட், பின்னால் ஓர் எஞ்சின், ஆளுக்கொரு லைஃப் ஜாக்கெட். கோணேசர் கோயில் நிற்கும் சுவாமி மலையைத் தரையிலிருந்து பார்ப்பது வேறு, அடியிலிருந்து பார்ப்பது வேறு. கோயில் தெரியாது, நிமிர்ந்த கறுப்புப் பாறைதான். போன அலை பாறையில் மோதித் திரும்பி, வருகிற அலையோடு முட்டுகிற இடத்தில் படகு எந்தப் பக்கம் ஆடும் என்றே சொல்ல முடியாது. பெரியம்மா பதறி எழுந்தார். “அம்மா, எழும்பாதீங்க, இருங்க!” என்று போட்டுக்காரர் அதட்டினார். கண்ணை மூடிக்கொண்டு முருகனைக் கூப்பிட்டவர், பாறையைப் பார்க்கவே இல்லை. போர்த்துக்கேயர் 17ஆம் நூற்றாண்டில் இடித்த பழைய கோயிலின் தூண்கள் அந்தத் தண்ணீருக்குள் கிடக்கின்றன. 1956இல் மைக் வில்சன் மூழ்கிக் கண்டார். எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க் அவருடைய கூட்டாளி.

அடுத்த படகு புறாத்தீவுக்கு, நிலாவெளிக் கரையிலிருந்து ஒரு கிலோமீற்றர். தீவு ஒன்றல்ல, இரண்டு. சின்னது வெறும் பாறைக் குவியல், பெரியதில் இறங்கலாம். ஒரு காலத்தில் வெள்ளைக்காரக் கடற்படை பீரங்கிப் பயிற்சிக்குக் குறிவைத்த இடம். 1963இல் சரணாலயம், 2003இல் தேசியப் பூங்கா. காலடியில் நொறுங்குவது மணலல்ல, செத்த பவளத்தின் விரல்கள். முகமூடி போட்டுக் குனிந்தால் இடுப்பளவு தண்ணீரிலேயே கறுப்பு முனைத் துடுப்போடு சிறு சுறாக்கள் ஒதுங்கிப் போகும், கடிக்காது. பயப்பட வேண்டியது பவளம்தான், அதுவும் நம்மைப் பார்த்து. மூச்சு வாங்க அதன்மேல் ஏறி நிற்பவர்களை நாள் முழுதும் பார்க்கலாம். டிக்கெட் கொடுக்கும்போதே ஒரு வார்த்தை அதட்டிச் சொல்லியனுப்பினால் என்ன குறைந்துவிடும்?

ஆற்றின் முடிவு என்று மூதூரைச் சொன்னேன், அதுவும் முழுச் சரியில்லை. குடாவுக்குள்ளிருந்தே கடலடியில் ஒரு பள்ளத்தாக்கு தொடங்கி, கரைக்குக் கிட்டவே ஆயிரம் மீற்றர் ஆழத்தைத் தாண்டுகிறது. அதனால்தான் நீலத் திமிங்கிலம் இவ்வளவு அருகில் வருகிறது. அதைப் பார்க்கும் படகு விடியவே புறப்படும். முதல்நாளே பேசிவைக்க வேண்டும், பெரியம்மா வரமாட்டார்.