செவலைக்கு ஒரு ரிமோட் கார்

சென்ற ஜூன் மாதத்து மழை நாளொன்றில், ஸ்ரீகாரியத்தில் நான் குடியிருக்கும் வாடகை வீட்டின் முன்பாக ஓர் இளைஞர் ஸ்கூட்டரோடு சரிந்து விழுந்தார். வாயிற்கதவை நான் சரியாகத் தாழிடவில்லை. செவலை வெளியே பாய்ந்துவிட்டாள். அவள் கடிக்கவில்லை, சிறிது தூரம் பின்தொடர்ந்து ஓடியதே அவரை வீழ்த்தப் போதுமாயிருந்தது. முழங்கையில் தோல் உரிந்திருந்தது. கூடிவிட்ட அக்கம்பக்கத்தாரிடம் அவர் சொன்னவை இரண்டே சொற்கள்: "பட்டி ஓடிச்சு."

என் தமிழ்க் காது அதை ஒரு கணம் "நாய் ஓடியது" என்று கேட்டு ஆறுதல் கொண்டது. நம் பேச்சு வழக்கில் 'ஓடிச்சு' தன்வினை. மலையாளத்திலோ 'ஓடி' என்பதே தன்வினை. 'ஓடிச்சு' என்றால் ஓடச் செய்தது, துரத்தியது. அவர் சொன்னது நாய் தம்மைத் துரத்தியது என்பதை. மொழியியலில் முதுகலை முடித்துவிட்டு, இந்நகரில் நான்காண்டுகள் வாழ்ந்த பின்னரும் என் காது தனக்கு வசதியான பொருளையே முதலில் எடுத்துக்கொண்டது. அந்த வெட்கம் இன்னும் தீரவில்லை.

மருத்துவச் செலவை ஏற்றுக்கொண்டேன். வீட்டுக்காரச் சேச்சி கோபிக்கவில்லை. ஆனால் இன்னொரு முறை இப்படி நடந்தால் நாய் இங்கே இருக்க முடியாது என்று அமைதியாகச் சொல்லிவிட்டார். அவர் சொன்னதில் பிழை ஏதும் இல்லை.

செவலை சிப்பிப்பாறை இனம், வயது மூன்று. விருதுநகர், தூத்துக்குடி மாவட்டங்களின் கரிசல் நிலத்தில் முயலைத் துரத்துவதற்கென்றே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்து வளர்க்கப்பட்ட வேட்டை நாய்களின் வழி வந்தவள். 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தால் முயல் வேட்டை குற்றமாயிற்று. அது நியாயமே. ஆனால் சட்டம் மாறிய நாளில் நாயின் நரம்புகள் மாறிவிடவில்லை. வேட்டை விலங்கின் செயல்களை ரேமண்ட் காப்பிங்கரும் லோர்னா காப்பிங்கரும் ஒரு தொடராக விளக்குவர்: இரையை நோக்கித் திரும்புதல், உற்றுப் பார்த்தல், பதுங்கி நெருங்குதல், துரத்துதல், கவ்வுதல், கொல்லுதல். மனிதன் ஒவ்வொரு நாயினத்திலும் இத்தொடரின் வெவ்வேறு கண்ணிகளை வலுப்படுத்தியிருக்கிறான், சிலவற்றைத் தளர்த்தியிருக்கிறான். செவலையிடம் வலுப்படுத்தப்பட்ட கண்ணி துரத்துதல். அதற்கு உரிய முயல் ஸ்ரீகாரியத்தில் இல்லை, ஸ்கூட்டர் இருக்கிறது.

ரிமோட் கார் வாங்கித் துரத்தவிடலாமே என்றார் உடன் ஆய்வு செய்யும் நண்பர். எனக்கு உடனே எழுந்த ஐயம் உங்களுக்கும் எழும்: வண்டியைத் துரத்தும் நாய்க்கு வண்டியையே விளையாட்டுப் பொருளாகக் கொடுத்தால், நோயை மருந்தென்று புகட்டியதாகாதா? இந்த ஐயத்தை மனத்தில் வைத்துக்கொண்டேதான் கார் தேடத் தொடங்கினேன்.

முதலில் சாலைக் கடைத்தெருவுக்குப் போனேன். ஆ. மாதவனின் கதைகளைப் படித்தவர்களுக்கு அந்தத் தெரு புதிதன்று. விளையாட்டுச் சாமான் கடையில் இருந்த அண்ணாச்சி, "பிள்ளைக்கு எத்தனை வயசு தம்பி?" என்று கேட்டார். "நாய்க்கு வேணும் அண்ணாச்சி" என்றேன். சற்று நேரம் என்னைப் பார்த்துவிட்டு, "அப்ப விலை குறைஞ்சதாவே எடுங்க" என்றார். அறுநூறு ரூபாய்க்கு ஒரு சிவப்புக் கார் வாங்கினேன். அது மூன்று நிமிடம் உயிரோடு இருந்தது. செவலை அதைத் துரத்தவே இல்லை. நடந்து சென்று, கவ்வி, சக்கரத்தைப் பிடுங்கினாள். பிளாஸ்டிக் துண்டுகளை அவள் விழுங்குவதற்குள் வாயிலிருந்து எடுப்பதே பெரும்பாடாயிற்று.

அதன்பிறகுதான் முறையாக எண்ணத் தொடங்கினேன். நான் கற்றவற்றைத் தேவைப்படுவோருக்காக இங்கே பதிகிறேன்.

முதலாவது அளவு. 1:10 என்று குறிக்கப்படும் கார்கள் உண்மை வண்டியின் பத்தில் ஒரு பங்கு நீளம் உள்ளவை. எடை பெரும்பாலும் 2 கிலோவைத் தாண்டும். அந்த எடை வேகத்தோடு வந்து மோதினால் வேட்டை நாயின் மெல்லிய முன்னங்கால் தாங்காது. 1:24 அளவினவோ வாய்க்குள் அடங்கிவிடும். இடைப்பட்ட 1:16 அல்லது 1:18 பொருத்தமானது.

இரண்டாவது நிறம். நாயின் விழித்திரையில் நிறம் அறியும் கூம்பு உயிரணுக்கள் இரண்டு வகையே உண்டு. நீலமும் மஞ்சளும் அதற்குத் தெளிவாகத் தெரியும். நாம் சிவப்பென்று காண்பது புல்தரையின்மேல் அதற்கு மங்கிய பழுப்பாகவே தோன்றும். நான் சாலையில் வாங்கிய சிவப்புக் கார் என் கண்ணுக்கு மட்டுமே அழகாயிருந்தது.

மூன்றாவது மின்கலம். வேகமான கார்களில் லித்தியம் பாலிமர் மின்கலம் இருக்கும். பல் பதிந்து அதன் உறை துளைபட்டால் தீப்பற்றக்கூடும். நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு மின்கலம் எடை மிகுந்தது, வேகம் குறைந்தது. ஆனால் நாயின் வாய்க்கு அருகே அதுவே மேலானது. எந்த மின்கலமானாலும் அது கெட்டியான மூடிக்குள், திருகால் இறுக்கப்பட்டு இருக்கவேண்டும். பற்சக்கரங்களும் மூடியிருக்கவேண்டும்.

நான்காவது வேகம். விற்பவர்கள் முதலில் சொல்வது இதைத்தான். நாம் கடைசியில் பார்க்கவேண்டியதும் இதுவே. பந்தயக் கிரேஹவுண்ட் மணிக்கு 60 கிலோமீட்டருக்கு மேல் ஓடும். நம் கைக்கு எட்டும் விலையில் அதை வெல்லும் கார் இல்லை, வெல்லவும் தேவையில்லை. முயல் வேகத்தால் மட்டும் தப்புவதில்லை, திரும்புவதால் தப்புகிறது. ஆகவே மணிக்கு 30 கிலோமீட்டர் ஓடி, அகன்ற வளைவுகளில் இணக்கமாகத் திரும்பும் கார் போதும். சடாரென்று ஒடித்துத் திருப்பினால் நாயின் மூட்டு கெடும்.

ஐந்தாவது, ஓடும் நேரம். ஒருமுறை மின்னேற்றினால் 15 நிமிடமே ஓடும் என்பதைக் குறையாகச் சொல்வார்கள். திருவனந்தபுரத்தில் அது நன்மை. நாய் பெரும்பாலும் மூச்சிரைப்பால்தான் உடற்சூட்டைத் தணித்துக்கொள்கிறது. கடலோரத்து ஈரக்காற்றில் அந்த ஆவியாதல் குறைந்துவிடும். நாம் நிறுத்தாவிட்டால் செவலை தானாக நிறுத்தமாட்டாள். அதனால் அதிகாலையில் மட்டும், ஐந்து நிமிடத்துக்கு மேல் விடுவதில்லை.

இவற்றையெல்லாம் எண்ணி, ஒருவர் பயன்படுத்திய மஞ்சள் நிறக் கார் ஒன்றை வாங்கினேன். ஆனால் முதலில் எழுந்த ஐயம் அப்படியே இருந்தது. அதற்கு விடை நாய்ப்பந்தயத்தின் வரலாற்றைப் படித்தபோது கிடைத்தது. 1876இல் லண்டனை அடுத்த ஹெண்டனில் தண்டவாளத்தில் இழுக்கப்படும் செயற்கை முயலின்பின் நாய்களை ஓடவிட்டார்கள். 1919இல் கலிபோர்னியாவின் எமரிவில்லில் ஓவன் பாட்ரிக் ஸ்மித்தின் இயந்திர முயல் வட்டப் பாதையில் ஓடியது. அங்கே இயந்திரத்தை இயக்குபவரின் வேலையே முயலை நாயின் வாய்க்கு எட்டாமல் வைத்திருப்பதுதான். பார்ப்பவருக்கு அது பந்தயம். நாய்க்கோ என்றும் முடிவுறாத துரத்தல். லேசர் ஒளிப்புள்ளியைக் காட்டி விளையாடப்படும் நாய்கள் சில, பின்னர் சுவரில் அசையும் நிழல்களையும் ஒளியையும் ஓயாமல் தேடும் நிலைக்கு ஆளாவதைக் கால்நடை மருத்துவர்கள் எச்சரிக்கிறார்கள். ஒளியைக் கவ்வ முடியாது; தொடர் அறுந்து நிற்கிறது.

ஸ்கூட்டரும் அப்படித்தான். செவலை அதை ஒருநாளும் பிடித்ததில்லை. அது எப்போதும் தெருமுனையில் மறைந்துவிடும்.

எனவே காருக்குப் பின்னால் இரண்டு மீட்டர் பருத்திக் கயிற்றைக் கட்டி, அதன் நுனியில் ஒரு பழைய வெள்ளைத் துணியை முடிந்தேன். கவ்வி இழுத்தால் அவிழ்ந்துவிடும் முடிச்சு. துணிக்கு இரை என்று பொருள் கொடுக்கவேண்டும். சக்கரத்துக்கு எந்தப் பொருளும் இருக்கக்கூடாது. மரச்சீனி பிடுங்கிய பின்புறத்து வேலியிட்ட நிலத்தில் ஓட்டுகிறேன். நான் "போ" என்னும்வரை அவள் அமர்ந்திருக்கவேண்டும். மூன்று வளைவு ஓடியபின் நான் வேகத்தைக் குறைப்பேன். அவள் துணியைக் கவ்வுவாள். கார் அப்போதே நின்றுவிடும். "விடு" என்றதும் துணியைத் தந்து இறைச்சித் துண்டு பெறுவாள். "விடு" என்ற அந்தச் சொல்லை அவள் கற்க ஐந்து வாரம் ஆயிற்று. உண்மையில் நான் வாங்கிய காரின் முழுப் பயன் அந்தச் சொல்தான்.

இதனால் அவள் ஸ்கூட்டரை மறந்துவிட்டாள் என்று சொல்லமாட்டேன். தெருவில் இன்றும் கயிற்றோடுதான் நடக்கிறாள். வாயிற்கதவில் இப்போது இரண்டு தாழ்ப்பாள். ஆனால் வண்டிச் சத்தம் கேட்டால் உடல் விறைத்து நிற்பவள், "விடு" என்றதும் என் பக்கம் திரும்புகிறாள். பத்து முறையில் ஏழு முறை. மீதி மூன்று முறைக்காகத்தான் கயிறு.

சென்ற வாரம் சேச்சி வேலியருகே நின்று பார்த்தார். என்ன செய்கிறாய் என்று கேட்டார். "ஞான் வண்டி ஓடிக்குன்னு, வண்டி பட்டியெ ஓடிக்குன்னு" என்றேன். சிரித்தார். காரை ஓட்டுவதற்கும் நாயை ஓடச் செய்வதற்கும் அவர் மொழியில் வினை ஒன்றே. ஓடச் செய்கிறவன் நானே என்பதை அந்த வினை மறைக்காமல் சொல்லிவிடுகிறது. ஜூன் மாதத்தில் விழுந்த அந்த இளைஞரை ஓடச் செய்ததும், தாழிடாத கதவின் வழியே, நான்தான்.

கார் வாங்க எண்ணுவோருக்கு ஒன்று. எந்த வேகத்தில் ஓடும் என்று கடைக்காரரிடம் கேட்பதற்கு முன், எங்கே நிறுத்துவோம் என்று முடிவு செய்துகொள்ளுங்கள். ஒவ்வொரு நாளும் கடைசி ஓட்டத்தின் முடிவில் துணி நாயின் வாயில் இருக்கவேண்டும்.