படங்கள் அங்கே, வழி இங்கே

முத்தாண்டிக்குப்பத்தில் எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் ஒரு ஹார்ட் டிஸ்க் முழுக்கப் பழைய படங்கள்தான். நெய்வேலி சுரங்கத்துக்கு நிலம் கொடுத்துவிட்டுப் பெயர்ந்த சொந்தக்காரர்களின் வீடு, கோயில், களத்துமேடு. அந்த ஊர் இன்று படத்தில் மட்டும்தான் இருக்கிறது. வெளியூரில் உள்ள பிள்ளைகள் பார்க்கட்டும் என்று 'டாம்கேட்' என்னும் ஜாவா சர்வரை வைத்தேன்.

எல்லாப் படத்தையும் சர்வரின் ஃபோல்டருக்குள் நகல் எடுத்தால் இடம் இரட்டிப்பாகும். லினக்ஸில் அதற்கு 'சிம்பாலிக் லிங்க்' உண்டு. வீடு மாறும்போது தபால்காரரிடம் புது விலாசம் சொல்லி வைப்போமே, அதுபோல. பொருள் ஓரிடம், விலாசச் சீட்டு வேறிடம். ஆனால் சீட்டு வைத்தும் பிரௌசரில் '404'தான் வந்தது.

டாம்கேட் வேண்டுமென்றேதான் மறுக்கிறது. சீட்டு சொல்லும் இடத்துக்கெல்லாம் போனால், எவனோ வைக்கும் சீட்டு நம் பீரோவையும் திறந்துவிடும். 'கான்டெக்ஸ்ட்' ஃபைலில் 'ரிசோர்சஸ்' என்ற வரியில் 'அலோலிங்கிங்' என்பதை 'ட்ரூ' ஆக்கினால் எல்லாச் சீட்டையும் மதிக்கும். 8-ஆம் பதிப்பிலிருந்து இடம் அதுதான். விண்டோஸில் இதைச் செய்யவே கூடாது. பெரிய எழுத்து, சின்ன எழுத்து சோதனை நின்றுபோய், உள்ளே எழுதிய நிரலே வெளியே தெரிந்துவிடும்.

நான் எடுத்தது வேறு வழி. அதே ரிசோர்சஸுக்குள் 'போஸ்ட்ரிசோர்சஸ்' என்று ஒரு வரி சேர்த்தேன். படங்கள் உள்ள ஃபோல்டர், அது தெரிய வேண்டிய பெயர், இரண்டையும் அதில் சொன்னேன். ஒரு வாசல் மட்டும் திறந்தது.

டாம்கேட்டுக்கு அந்த ஃபோல்டரைப் படிக்க மட்டுமே உரிமை. எழுதவோ அழிக்கவோ கிடையாது. மறுபடி எடுக்க முடியாத படங்கள் அல்லவா!