பெரிய வீட்டில் யாருக்கு எந்த அறை?



சென்ற ஆண்டைப் போலவே வரும் மே மாத இறுதி விடுமுறையிலும் ஹியர்போர்ட்ஷயரில் உள்ள அதே பழைய மேனர் மாளிகையை மூன்று இரவுகளுக்கு வாடகைக்கு எடுத்துச் சபையாகத் தங்குவதென்று செயற்குழு முடிவு செய்துள்ளது. அறிவிப்பு வெளியான நாள் முதல் என்னிடம் வந்த கேள்விகளில் வேதபாடத்தைப் பற்றியவை மிகச் சில. யாருக்கு எந்த அறை என்பதைப் பற்றியவையே மிகுதி. அந்தக் கேள்வியை அற்பமானதென்று நான் தள்ளிவிடவில்லை. இவ்வாரத் தியானமே அதைப் பற்றியதுதான்.

சென்ற ஆண்டு வராதவர்களுக்காக ஒரு விளக்கம். மேனர் என்பது வெறும் பெரிய வீடு அன்று. ஒரு பிரபுவின் நிலங்களுக்கெல்லாம் அதுவே தலைமையிடம். குடியானவர்கள் வாரம் செலுத்தியதும் வழக்குகள் தீர்க்கப்பட்டதும் அங்கேதான். 1894-இல் வந்த மரணச் சொத்துவரியும் இரண்டு உலகப்போர்களும் அந்தக் குடும்பங்களில் பலவற்றை நொடித்துப் போகச் செய்தன. இடித்துத் தள்ளப்பட்ட மாளிகைகள் ஏராளம். அவற்றின் படங்களைக் கொண்டே 1974-இல் இலண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம் ஒரு கண்காட்சி நடத்தியது. எஞ்சியவற்றுள் சில பள்ளிகளாயின, சில தியான இல்லங்களாயின. 1965-இல் தொடங்கப்பட்ட லேண்ட்மார்க் அறக்கட்டளை போன்றவை பாழடைந்த கட்டடங்களைச் செப்பனிட்டு, விடுமுறைக்கு வாடகைக்கு விட்டு, அந்தப் பணத்தைப் பராமரிப்புக்குப் பயன்படுத்துகின்றன. தனியார் உரிமையாளர்கள் பலரும் இன்று இந்த வழியில்தான் தம் கூரையைக் காத்துக்கொள்கிறார்கள். பிரபு அமர்ந்த மேசையில் நாம் இடியாப்பம் உண்ண நேர்ந்தது இப்படித்தான்.

இத்தகைய வீட்டுக்குள் நுழைகிற சபை ஒன்றை அறிந்திருக்க வேண்டும். அந்த வீட்டின் சுவர்களுக்கு ஒரு கருத்து உண்டு. இடைக்காலத்தில் பிரபுவும் பணியாளரும் ஒரே கூடத்தில்தான் உண்டனர். பிரபுவின் மேசை ஒரு படி உயரத்தில் இருந்தது, அவ்வளவே. பின்னர் பிரபு கூடத்தை விட்டுத் தனியறையில் உண்ணத் தொடங்கினார். 14-ஆம் நூற்றாண்டின் 'பியர்ஸ் பிளௌமன்' என்னும் காவியத்திலேயே இதைக் குறித்த மனத்தாங்கல் இருக்கிறது. 17-ஆம் நூற்றாண்டில் ராஜர் பிராட் என்னும் கட்டடக் கலைஞர் கோல்ஷில் மாளிகையைக் கட்டியபோது, பணியாளர் எவர் கண்ணிலும் படாமல் ஏறி இறங்குவதற்கென்று பின்படிக்கட்டுகளை அமைத்தார். அந்த மாளிகை 1952-இல் தீக்கிரையாயிற்று. அதன் திட்டம் மட்டும் நாடெங்கும் பரவிவிட்டிருந்தது. நாம் தங்கிய வீட்டிலும் அகன்ற முன்படி ஒன்று, குறுகிய பின்படி ஒன்று. முதல் மாடியில் தோட்டத்தை நோக்கிய பெரிய அறைகள். கூரைக்கடியில், குனிந்து நுழைய வேண்டிய உயரத்தில், அக்காலப் பணிப்பெண்கள் உறங்கிய அறைகள். சமையலறைக்கு வெளியே, எந்த அறையிலிருந்து அழைப்பு என்பதைக் காட்டும் மணிகளின் வரிசை இன்றும் தொங்குகிறது. நம் பிள்ளைகள் அதை அடித்து மகிழ்ந்தார்கள். நான் சற்று நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

இனி நடந்ததைச் சொல்கிறேன். சம்பந்தப்பட்டவர்களின் அனுமதி பெற்றே எழுதுகிறேன்.

சென்ற ஆண்டு புறப்படுவதற்கு இரண்டு வாரங்களுக்கு முன் ஏற்பாட்டுக் குழுவினர் அறைப்பட்டியலை வாட்ஸப்பில் அனுப்பினார்கள். நான்கு தூண் கட்டிலும் திரைச்சீலையும் உடைய பெரிய அறை எனக்கும் என் மனைவிக்கும். அடுத்த அறைகள் சபையின் மூத்த குடும்பங்களுக்கும் தாராளமாகக் கொடுக்கிறவர்களுக்கும். கூரையறைகள் முதியோர் இல்லங்களில் பணிபுரியும் நான்கு சகோதரிகளுக்கும் படிக்க வந்திருக்கும் இரண்டு தம்பிகளுக்கும். பட்டியலைத் தயாரித்தவர் எவரையும் அவமதிக்க நினைக்கவில்லை என்பதை நான் உறுதியாக நம்புகிறேன். பழகிய வரிசையில் பெயர்களை எழுதினார். வீடும் அந்த வரிசையிலேயே கட்டப்பட்டிருந்ததால் பொருத்தம் எளிதாகிவிட்டது.

அன்றிரவு அந்தச் சகோதரிகளுள் ஒருவர் என்னைத் தொலைபேசியில் அழைத்தார். "ஐயா, வாரம் முழுக்க நான் மற்றவங்க வீட்டுப் படி ஏறித்தான் சம்பாதிக்கிறேன். சபையோட போனாலும் எனக்கு வேலைக்காரப் படிதானா?" என்றார். சொல்லிவிட்டுச் சிரித்தார். அவர் சிரித்தது என்னை ஆறுதல்படுத்தவில்லை. தாம் வரவில்லை என்றும், கட்டிய பணத்தை வேறு யாருக்காவது பயன்படுத்திக்கொள்ளுங்கள் என்றும் சொல்லி வைத்துவிட்டார்.

"ஒரு படுக்கைக்காகவா இவ்வளவு?" என்று குழுவில் ஒருவர் கேட்டார். படுக்கைக்காக அன்று. நம் மக்களுக்கு இது புதிய காயமும் அன்று. தமிழ்த் திருச்சபைகளில் சாதி வாரியாகத் தனித்தனியே அமர்வதும், நற்கருணைக்குத் தனித்தனியே வருவதும் வழக்கமாயிருந்தபடியால்தான் 1833-இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் சாதி வேறுபாட்டைச் சபையிலிருந்து அகற்றும்படி கட்டளையிட்டார். அதற்குத் தஞ்சையிலும் வேப்பேரியிலும் எழுந்த எதிர்ப்பு சிறியதன்று. கல்லறைத் தோட்டத்திலும் சுவர் எழுப்பியவர்கள் நாம். அந்தச் சுவரை நாம் விமானத்தில் ஏற்றிக்கொண்டு வரவில்லை என்று சொல்லிக்கொள்கிறோம். ஓர் அறைப்பட்டியலில் அது மீண்டும் தலைகாட்டினால், அதைச் சுவரென்று அடையாளம் காணும் கண் அதன் மறுபுறத்தில் நின்றவர்களுக்கே முதலில் வாய்க்கிறது.

பெரிய வீட்டில் கூடிய சபை வேதாகமத்தில் உண்டு. கொரிந்துவிலிருந்து ரோமருக்கு எழுதும் பவுல், தம்மையும் சபையனைத்தையும் உபசரித்த காயுவின் வாழ்த்தைச் சொல்லி அனுப்புகிறார் (ரோமர் 16:23). சபை முழுவதும் கூடக்கூடிய வீடென்றால் சிறிய வீடாக இருந்திருக்காது. ஜெரோம் மர்பி-ஓ'கானர் என்னும் வேத அறிஞர் 1983-இல் வெளியான 'செயின்ட் பால்ஸ் கொரிந்த்' என்ற நூலில், அகழ்வாராய்ச்சியில் கிடைத்த வீடுகளின் அமைப்பைக் கொண்டு ஒரு விளக்கம் தந்தார். உணவறையில் சாய்ந்து உண்ண ஏறக்குறைய ஒன்பது பேருக்கே இடம் உண்டு. மற்றவர்கள் நடுமுற்றத்தில்தான் அமர வேண்டும். வீட்டுக்காரர் தம் நண்பர்களை உள்ளே அழைத்துக்கொள்வார். வேலை முடித்துத் தாமதமாய் வரும் அடிமைகளும் கூலிகளும் வெளியே, மீதியுள்ளதோடு. எல்லா அறிஞரும் இதை ஏற்கவில்லை; அந்த வீடுகளின் காலத்தைப் பற்றியும் விவாதம் உண்டு. ஆயினும் 1 கொரிந்தியர் 11-ஆம் அதிகாரத்தில் ஒருவன் பசியாயிருக்க இன்னொருவன் வெறித்திருந்தான் என்று பவுல் கண்டிப்பதை வாசிக்கும்போது, அந்த வாசற்படி எனக்குக் கண்ணில் தெரிகிறது. விருந்தினரின் தகுதிக்கேற்ப உணவையும் திராட்சரசத்தையும் பிரித்துப் பரிமாறிய ஒருவரைப் பிளினி என்ற ரோமானியரே தம் கடிதம் ஒன்றில் இகழ்ந்திருக்கிறார். அவர் கிறிஸ்தவர் அல்லர்.

பவுல் காயுவின் வீட்டை விட்டு வெளியேறும்படி சொல்லவில்லை. ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள் என்கிறார். அந்தக் கிரேக்கச் சொல்லுக்கு ஏற்றுக்கொள்ளுதல் என்ற பொருளும் உண்டு. சுவர் இருக்கும் இடத்தில் இருக்கட்டும்; அது சொல்லுகிறபடி உட்காராதீர்கள் என்பதே அதன் சாரம் என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

ஆகவே பட்டியலைத் திரும்பப் பெறும்படி குழுவினரைக் கேட்டுக்கொண்டேன். முதலில் தேவையுள்ளோர்: கைக்குழந்தை உள்ள தம்பதியர், முழங்கால் வலியுள்ளோர், இரவில் அடிக்கடி எழ வேண்டியவர்கள். மீதி அறைகளுக்குச் சீட்டுப் போட்டோம். சீட்டு வழக்குகளை ஒழிக்கும் என்பது நீதிமொழிகள் 18:18-இன் கருத்து. அது ஆவிக்குரிய முறை அன்று என்று எண்ணுகிறவர்கள் அப்போஸ்தலர் முதலாம் அதிகாரத்தைப் பார்க்கவும். தொலைபேசியில் அழைத்த சகோதரியிடம் என் மனைவி நேரில் சென்று பேசினார். அவர் உடனே இசையவில்லை. புறப்படும் நாளுக்கு முந்தின இரவுதான் வருவதாகச் செய்தி அனுப்பினார்.

நான்கு தூண் கட்டில் அவருக்கும் அவருடைய தோழிக்கும் விழுந்தது. இரண்டாம் நாள் காலை ஒன்பது மணிவரை உறங்கிவிட்டு, ஜெபவேளைக்குத் தாமதமாக வந்தார். இரவுப்பணி செய்பவர் ஒருவர் அப்படி உறங்கியதைக் கண்டு நான் கர்த்தரைத் துதித்தேன். கூரையறை ஒன்று சபையின் மூத்த அண்ணன் ஒருவருக்கு விழுந்தது. மூன்று நாளும் உத்திரத்தில் தலையை இடித்துக்கொண்டார். அவருக்கு அது பிடிக்கவில்லை என்பதை மறைக்கவுமில்லை. ஆனாலும் அறையை மாற்றித் தரச் சொல்லி ஒருவரிடமும் கேட்கவில்லை. அதற்காக அவரை மிகவும் மதிக்கிறேன்.

அறைகளைச் சரிசெய்தோம், சமையலறை எஞ்சியிருந்தது. முதல் நாள் மாலை ஆண்கள் கணப்பின் முன் அமர்ந்து தானியேல் புத்தகத்தின் மிருகங்களைப் பற்றி உரையாட, பெண்கள் மணிகளின் வரிசைக்குக் கீழே 28 பேருக்கு வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார்கள். அதை மாற்றியவர் நம் சபையின் 81 வயது அம்மா. மின்தூக்கி இல்லாத வீடாகையால் அவருக்குத் தரைத்தளத்தில் சமையலறையை அடுத்த சிற்றறையைக் கொடுத்திருந்தோம். முன்பு பட்லரின் அறை அது. கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, கட்டிலில் அமர்ந்தபடியே ஆண்களைப் பெயர் சொல்லி ஒவ்வொருவராக அழைத்தார். அவரை மறுக்க ஒருவருக்கும் துணிவில்லை. அடுத்த நாள் காய்ந்த மிளகாய் தாளித்தது ஒரு தம்பி. புகை எச்சரிக்கை வீடு முழுவதும் அலற, இரவு உடையில் அனைவரும் புல்வெளியில் போய் நின்றோம்.

என் மொழிப்பாடக் குறிப்பு ஒன்றையும் பொறுத்துக்கொள்ளுங்கள். மேனர் என்ற சொல் தங்குதல் என்று பொருள்படும் இலத்தீன் வினைச்சொல்லிலிருந்து வந்தது. யோவான் 14:2-இல் நம் வேதாகமம் வாசஸ்தலங்கள் என்று சொல்லுமிடத்தில் இலத்தீன் வேதாகமத்தில் இருப்பதும் அதே வினையின் வழிவந்த சொல். அங்குள்ள கிரேக்கச் சொல் புதிய ஏற்பாட்டில் இன்னும் ஒரே ஓரிடத்தில்தான் வருகிறது: அதே அதிகாரம் 23-ஆம் வசனத்தில், பிதாவும் குமாரனும் தம்மில் அன்பாயிருக்கிறவனிடத்தில் வந்து வாசம்பண்ணுவதைச் சொல்லும்போது. அவர்கள் எந்தத் தளத்து அறையைத் தேடி வருவார்கள் என்று அங்கே சொல்லப்படவில்லை.

இனி இவ்வாண்டுக்கான ஏற்பாடு. மொத்த வாடகை 4,200 பவுண்டு. ஆளுக்கு 150 என்றால் ஐந்து பேர் உள்ள குடும்பத்துக்கு 750 ஆகிறது. பலருக்கு இது பெருஞ்சுமை என்பதை அறிவோம். இயன்றதைப் பொருளாளரிடம் மட்டும் சொல்லுங்கள். மிகுதியாகக் கொடுக்க விரும்புகிறவர்களும் அவரிடமே கொடுக்கலாம். யார் எவ்வளவு கொடுத்தார் என்பது எனக்கும் தெரிய வேண்டாம். தீத்தடுப்பு விதியின்படி 28 பேருக்கு மேல் ஒருவரும் இரவு தங்க இயலாது. கடைசி நேரத்தில் உறவினரை அழைத்து வராதீர்கள். பேருந்து குறுகிய பாதையில் நுழையாது, கிராமத்திலிருந்து நடக்க வேண்டும். சமையல் முறைப்பட்டியலில் ஆண்களின் பெயர்களும் இருக்கும், என்னுடையது உட்பட. அறைச்சீட்டு ஞாயிறு ஆராதனைக்குப் பின் எல்லார் முன்பாகவும் எடுக்கப்படும். தேவையின் பேரில் கேட்பவர்கள் அதற்கு முன் என் மனைவியிடம் தெரிவிக்கவும். அம்மா மட்டும் ஏற்கெனவே சொல்லிவிட்டார்: சமையலறைக்கு அடுத்த அறைதான் வேண்டுமாம்.